சுவர் முடியும் இடம்

அவளைக் கொத்தனாரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் அது கேலிப் பெயர். பெண்பிள்ளை கரணை பிடித்துச் சுவர் எழுப்பினால் எழும்பின மாதிரிதான் என்று சாரத்தின் மேல் நின்று பல்லைக் காட்டியவர்கள், கொஞ்ச காலம் போனதும் தங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கல் பதிக்க அவளைத் தேடி வந்து வாசலில் நின்றார்கள். கேலி எங்கேயோ உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். கல்யாணம் ஒன்று நடந்தது. நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாமும் கிளற வேண்டாம். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான். அவரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தார்.

அப்பா கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டியவர். பாதி ஆயுளுக்கு மேல் ஊரையே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்ட மனுஷன். எந்த நிறுத்தத்தில் யார் இறங்குவார், யார் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார், யாரை எழுப்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவருக்குத் தன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மறந்துபோனது. கடவுளுக்கு விளையாட்டுப் புத்தி உண்டு என்பது சரி. அதற்காக இப்படியா விளையாடுவது?

முதல் தடவை காணாமல் போனபோது பஸ் டிப்போவில் கிடைத்தார். நிறுத்தி வைத்திருந்த ஒரு வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, சாவி கொடுக்கச் சொல்லி ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறார். பழைய கண்டக்டர் ஒருவர்தான் சமாதானம் பண்ணி வீட்டுக்குக் கூட்டிவந்தார். டாக்டர் அந்த மறதிக்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். அண்ணன் அதைச் சுருக்கி, "இனிமே இவரத் தனியா விடக்கூடாது" என்று ஆக்கிக்கொண்டான்.

அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். அண்ணியோடு மாடியில் குடியிருந்தான். கதவுக்குப் பூட்டு வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒரு தரம் யோசிப்பார்கள். அவனுக்கு யோசனையே தேவையில்லை, கடை ஆணியில் கொத்தாகத் தொங்குகிறது. கொத்தனாரம்மாதான் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"நாள் பூரா வண்டி ஓட்டுன மனுஷன்ணா. ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனா செத்துப் போயிடுவாரு."

"வெளிய விட்டாதான் பாப்பா செத்துப் போயிடுவாரு."

இரண்டு பேரும் சொன்னது நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை.

அந்தச் சண்டையில் அவளைக் காப்பாற்றியது கடற்கரைச் சுவர். அவர்கள் தெரு போய் முட்டும் இடத்தில்தான் அந்தச் சுவர் ஆரம்பிக்கும். அங்கிருந்து கடலை ஒட்டியே போய் படகுத்துறையில் நிற்கும். இடுப்பு உயரம், வெட்டுக் கல். ஒரு நாள் அப்பாவின் பின்னாலேயே, அவருக்குத் தெரியாமல் போய்ப் பார்த்தாள். தெருமுனைக்கு வந்தார். வலது கையைச் சுவரின் மேல் வரிசைக் கல்லில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் படகுத்துறை வரைக்கும் நடந்தார். அங்கே கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அதே வழியே வந்தார். சுவர் முடிந்தது. கை காற்றில் விழுந்ததும் நின்றார், வலது பக்கம் திரும்பினார், தெருவுக்குள் நுழைந்தார், வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே வந்தவளைப் பார்த்து, "எங்க போயிட்டு வர்ற, வெயில்ல" என்று அதட்டவும் செய்தார்.

"வழி எப்படிப்பா தெரியுது?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"எனக்கு எங்க தெரியுது? சுவருக்குத் தெரியுது. அது முடியுற எடத்துல நம்ம வீடு."

அண்ணன் அரை மனசோடு ஒத்துக்கொண்டான். அப்பா காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போய் வந்தார். தெருவில் யார் பெயரும் அவருக்கு நினைவில்லை, ஆனால் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார். சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. வீடு ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கடலுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் சாலை நடுவில் வாய் பிளந்தது. இரண்டு விளக்குக் கம்பங்கள் சாய்ந்தன. சுவர் ஓரிடத்தில் முன்பக்கம் தள்ளிக்கொண்டு, இதோ விழுகிறேன் அதோ விழுகிறேன் என்று நின்றது. அடியில் மணல் இல்லை; எல்லாவற்றையும் அலை அரித்துக்கொண்டு போயிருந்தது. மாநகராட்சி கடைசியில் கண் விழித்தது. கரையை அப்படியே புதுசாகக் கட்டுவது, கரையோடு சேர்த்து ஒரு பூங்காவும் போடுவது என்று முடிவானது. கல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கொத்தனாரம்மாவுக்கு வேலை கிடைத்தது, அதுவும் வீட்டு வாசலிலேயே. இனிமேல் அப்பா நடமாடுவதை வேலை பார்த்துக்கொண்டே பார்க்கலாம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வேலைக்கு இன்ஜினியராக வந்ததும் ஒரு பெண். ஆட்கள் வாய் சும்மா இருக்குமா? "மேல ஒரு அம்மா, கீழ ஒரு அம்மா, நடுவுல நாமதான் அனாதை" என்றார்கள். இன்ஜினியர் நல்ல மாதிரி. முதல் நாளே எல்லோரையும் மணலில் உட்கார வைத்து, கம்பியால் கோடு போட்டுக் காட்டினாள்.

"நட்டுக்கிட்டு நிக்கிற சுவர்ல அலை மோதுனா, திரும்பிப் போறப்ப கோவத்துல அடி மணலையும் அள்ளிட்டுப் போயிடுது. அதனால சுவர் வேண்டாம். பெரிய பெரிய கல்லா சரிவாப் போடப் போறோம். அலை ஏறி வரும், கல்லுக்குள்ள புகுந்து மூச்சு வாங்கும், இறங்கிப் போயிடும். அதுக்குப் பின்னாடி மண்ணை மேடாக்கிப் புல்லும் மரமும் வைக்கிறோம். புயல் வந்தா மேடு தடுக்கும். மத்த நாள்ல ஜனங்க அதுமேல உக்காந்து காத்து வாங்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்கும்போதே நன்றாகத்தான் இருந்தது. கொத்தனாரம்மா மட்டும், "சுவர் கொஞ்சங்கூட இருக்காதா மேடம்?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

அப்பாவைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வீட்டுக் கஷ்டத்தைக் கடை விரிப்பதா என்று கூச்சமாக இருந்தது. "இல்ல மேடம், பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

சுவரை இடிக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மேல் வரிசைக் கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தாள். மற்றக் கற்கள் சொரசொரப்பாக இருந்தன. மேல் வரிசை மட்டும் வழுவழுவென்று, கை பட்டுக் கை பட்டுத் தேய்ந்திருந்தது. எத்தனையோ பேர் கை. அதில் ஒன்று அவளுக்குத் தெரிந்த கை. அந்தக் கற்களையும் உடைத்துப் பள்ளத்தில் போட வேண்டும் என்றுதான் உத்தரவு. அவள் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய் ஓரமாக அடுக்கி வைத்தாள். யாராவது கேட்டால், "நல்ல கல்லு, எதுக்காவது ஆகும்" என்றாள். நல்ல கல்லை உடைக்க எந்தக் கொத்தனாருக்கும் மனசு வராது என்பதால் யாரும் அதற்கு மேல் நோண்டவில்லை.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். அப்பா வழக்கம்போலத் தெருமுனைக்கு வந்தார், கையை நீட்டினார், தகரத்தில் கை பட்டது. நெளிநெளியான தகரத்தில் கையை ஓட்டிக்கொண்டே போனார். தகரம் சுவர் போன வழியில் போகவில்லை. லாரி உள்ளே வரும் வாசலில் போய் நின்றது. அங்கே தகரம் முடிந்ததால் அப்பாவும் நின்றார், வலது பக்கம் திரும்பினார். கருங்கல் ஏற்றி வந்த லாரி அவர் சட்டையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்ட, அப்பா, "ஹாரன் அடிச்சிருக்கணும்ல" என்று அவனுக்குப் பாடம் எடுத்தாராம். சொன்னவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கு மாலையே அண்ணன் பூட்டு போட்டான். இந்தத் தடவை அவள் குறுக்கே விழுந்து மறிக்கவில்லை.

அப்பா அறைக்குள் இருந்தார். ஒரு கட்டில், ஒரு அலமாரி, தெருப் பக்கம் ஒரு ஜன்னல். முதலில் கதவைத் தட்டினார், அப்புறம் தட்டுவதை விட்டுவிட்டார். அறைச் சுவரில் இடது கையை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சுவரோடு போவார், மூலையில் திரும்புவார், அலமாரியைச் சுற்றுவார், கதவைத் தாண்டுவார், மறுபடி சுவர். நான்கு சுவருக்கு முடிவு எங்கே இருக்கிறது? வேலை முடிந்து வந்து ஜன்னல் வழியாக அவள் பார்த்தபோது, வியர்த்துக் கொட்ட, வீட்டைத் தேடி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு முகம் கழுவி, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சுவர் எங்க?" என்பார் சாப்பிடும்போது.

"வருதுப்பா." கட்டட வேலைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது என்றால், சுவர் வருது என்பார்கள்.

அப்பாவுக்கு வருவது என்றால் பஸ்தான். "லேட்டா?"

"கொஞ்சம் லேட்டுதான்."

"பிரேக் டவுனா?"

"ஆமாப்பா. சரி பண்ணிட்டு இருக்காங்க."

"சரி, அவசரப்படாதே. அடுத்த வண்டில போலாம்." சமாதானமாகிவிடுவார். அடுத்த வேளை மறுபடி கேட்பார்.

மாதங்கள் போகப் போக அவர் கால் சூம்பிவிட்டது. கேள்வியும் குறைந்தது. கேள்வி குறைந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நடக்கிற ஆசையே அவருக்கு மறந்துவிடும் என்று தோன்றியது. வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நடைபாதை ஓரமாகப் பழைய கல்லை வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர், தெருமுனை வரைக்கும். அதுதான் அவள் கேட்டது.

இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டாள். "மேட்டுல சுவர் வைக்கக் கூடாதும்மா. மழைத் தண்ணி வடியாது. வயசானவங்க, சக்கர நாற்காலில வர்றவங்க எல்லாரும் எங்க வேணும்னாலும் புல்லுக்கு இறங்கணும், அதுக்காகத்தான் திறந்து விட்டிருக்கோம். உங்கப்பா ஒருத்தருக்காக மாத்துனா மேல என்னைக் கேப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். "கடலுக்கு இறங்குற படி இருக்கில்ல, அங்க பக்கச் சுவர் ஒண்ணு வருது. கான்கிரீட்ல போடறதா இருந்துச்சு. உங்க கல்லை அங்க வச்சுக்குங்க. அப்பாவைக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க."

கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் கேட்டது மாதிரி ஒன்று கிடைத்தது. அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கச் சுவரை அவள் கட்டினது போல வேறு எதையும் கட்டியதில்லை. மேலே மேட்டில் ஆரம்பித்து, படியின் இடது பக்கமாக இறங்கி வரும். பழைய கற்களைத் தேய்ந்த முகம் மேலே வரும்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து உட்கார வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டிப் பார்ப்பாள். எங்காவது தட்டினால் பெயர்த்து மறுபடி வைப்பாள்.

வரைபடத்தில் அந்தச் சுவர் தண்ணீர் தொடும் படிக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். அங்கே வந்து சேர்ந்தபோது ஓரத்தில் இன்னும் கல் மிச்சம் இருந்தது. எல்லாம் நல்ல கல். உடைத்துப் போட வேண்டுமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. "மிச்சக் கல்லை என்ன மேடம் பண்றது? அடிப்படி வரைக்கும் கொண்டுபோயிடலாமா? பக்கத்து மண்ணை அலை அரிக்காம இருக்கும்" என்றாள். இன்ஜினியர் குனிந்து பார்த்தாள். சொன்னது தப்பில்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். சரி என்றாள். கொத்தனாரம்மா மிச்சம் வைக்காமல் எல்லாக் கல்லையும் வைத்து முடித்தாள். தண்ணீர் இறங்கியிருக்கும்போது சுவரின் கடைசிக் கல் மணலில் தெரியும். தண்ணீர் ஏறினால் முழுகிவிடும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சட்டை மாற்றி, தலை வாரி, கைத்தாங்கலாக. மேட்டில் புல் பதித்திருந்தார்கள், கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்பா எதையும் பார்க்கவில்லை. தெரியாத ஊருக்கு வந்த ஆள் போல மிரண்டு மிரண்டு நடந்தார். படிக்கு வந்ததும் அவர் இடது கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தாள்.

அப்பா நின்றார். கையை முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார். முகம் மாறியது. இத்தனை மாதமாக எங்கேயோ போயிருந்தவர் திரும்பி வந்து கண்ணுக்குள் உட்கார்ந்தார். அவள் பெயரைச் சொன்னார். வீட்டில் வைத்த பெயரை.

"சுவர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"யார் கட்டுனது?"

"நான்தாம்ப்பா."

"அதானே பார்த்தேன்" என்றார். அதில் இருந்த பெருமை அவளுக்கு ஆயுசுக்கும் போதும் என்று அப்போது தோன்றியது. சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் பத்தாது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததே இல்லை.

தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த நேரம். இருவரும் படி இறங்கினார்கள். அப்பா கல்லிலிருந்து கையை எடுக்காமல் இறங்கினார். கால் தடுமாறவில்லை. கடைசிக் கல்லும் முடிந்து ஈர மணலில் நின்றார்கள். அப்பா வலது பக்கம் திரும்பினார். அங்கே சரிவாகப் போட்ட கருங்கற்கள்தான் இருந்தன. "வீடு எங்க?" என்றார்.

அவள் சிரித்தாள். "வீட்டுக்குத்தாம்ப்பா போறோம், வாங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பிப் படியேற்றிக் கூட்டிவந்தாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் அவள் எத்தனை தடவை நினைத்து நினைத்துச் செத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சாவியைக் கேட்டாள். "அப்பா நடந்தாரு. என் பேர் சொன்னாரு. பூட்டு வேண்டாம்ணா." அண்ணன் முடியாது என்றான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணிகூட மாடியிலிருந்து இறங்கி வந்து, "கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இத்தனை நாளும் இல்லாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அண்ணனும் இளகினான். "வேலை முடிஞ்சு வந்து நீ கூட இருக்குறப்ப மட்டும் திறந்து விடு" என்று சாவியைக் கையில் போட்டான்.

அப்படித்தான் செய்தாள். அப்பா நாளுக்கு நாள் தேறினார். அறைச் சுவரைச் சுற்றுவதை விட்டார். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டைக் கையில் எடுத்தாள். பூட்ட மனசு வரவில்லை. எழுந்ததும் தட்டுவாரே, தட்டித் தட்டி ஓய்வாரே என்று நினைத்தாள். வேலை இடம் கூப்பிடு தூரம்தான். வெளியே வந்தாலும் தன் கண்ணில் படாமல் எங்கே போய்விடுவார்? பூட்டைக் கொக்கியில் சும்மா மாட்டிவிட்டுப் போனாள்.

பூங்கா திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளைப் படகுத்துறைப் பக்கம் தரைக்கல் பதிக்க அனுப்பிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்த நேரம். கடல் நன்றாக ஏறியிருந்தது. அப்பா வீட்டிலிருந்து எப்படி வந்தார், மேட்டில் எப்படி வழி கண்டுபிடித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர்தான் பார்த்தார். ஒரு பெரியவர் படியில் இறங்கிப் போகிறார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, முழங்கால் வரை தண்ணீர், இடுப்பு வரை தண்ணீர். கத்தவில்லை, பதறவில்லை. கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் போல ஒரே சீராகப் போனதால், குளிக்கிறார் போல என்று நினைத்துவிட்டாராம். நெஞ்சு வரை போன பிறகுதான் குழாயைப் போட்டுவிட்டுக் கத்தினார்.

கொத்தனாரம்மா ஓடி வந்தபோது அப்பாவின் தலையும் இடது தோளும் மட்டும் தெரிந்தன. தோள் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. கை தண்ணீருக்குள் கல்லின் மேல் இருந்தது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். அந்த இடத்தில் சுவர் முடிந்தது. அவர் வலது பக்கம் திரும்பினார், தலை உள்ளே போய்விட்டது.

அப்பா வழி தவறவில்லை. எப்போதும் போலச் சரியாகத்தான் வந்தார். சுவர் எங்கே முடிகிறதோ அங்கேதான் வீடு. மகள் சுவரைக் கடலுக்குள் கொண்டுபோய் முடித்திருந்தாள். நல்ல கல் மிச்சமிருக்கிறது என்று. படியில் நின்றுகொண்டிருந்த அவளுக்கு அது ஒரே நொடியில் புரிந்தது. புரிந்தபோதே தண்ணீரில் குதித்திருந்தாள். அவளும் தோட்டக்காரரும் இன்னும் இரண்டு ஆட்களும் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டார்கள். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வந்தான். பூட்டைப் பற்றிக் கேட்பான், கன்னத்தில் ஒன்று வைப்பான் என்று காத்திருந்தாள். வைத்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவன் நடைக் கூடத்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ அங்க வேலைல இருந்தது நல்லதாப் போச்சு பாப்பா. இல்லேன்னா அங்கயே போயிருப்பாரு" என்றான்.

"நான்தாண்ணா அந்தக் கல்லை வச்சேன். அவர் சுவர் முடியுற எடத்தைத்தான் தேடிப் போனாரு. நான்தான் அங்க கொண்டுபோய் முடிச்சேன்."

அண்ணன் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "ஏதாவது உளறாத. கல்லு என்ன பண்ணும்?" அவனுக்குப் புரியவே இல்லை. இன்ஜினியர் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் தொடும் படிக்கு மேலே கம்பிக் கதவு ஒன்று போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். இன்ஜினியருக்குப் புரிந்திருந்தது போலத் தெரிந்தது.

நுரையீரலில் தண்ணீர் இறங்கிக் காய்ச்சல் கண்டுவிட்டது. டாக்டர்கள் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அப்பா பெரும்பாலும் கண்ணை மூடியே கிடந்தார். கடைசிக்கு முந்தின நாள் பிற்பகல் கொஞ்சம் தெளிவு வந்தது. அன்றைக்குப் பேசியதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அப்போது அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். அவள் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டு, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து அவளை வெகு நேரம் பார்த்தார்.

"சிஸ்டர்" என்றார்.

"சொல்லுங்க."

"ஒரு உதவி பண்ணணும். என் பொண்ணு வருவா. கொத்து வேலை பாக்குறவ. கையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், சொரசொரன்னு இருக்கும், பாவம்."

அவள் மெதுவாகத் தன் கையை உருவி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவகிட்ட நான் தண்ணில விழுந்ததைச் சொல்லிடாதீங்க. அவ கட்டுன சுவர் அது. எனக்காகக் கட்டுனா. கஷ்டப்பட்டுக் கட்டுனா." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "சுவர் மேல ஒண்ணும் தப்பில்ல. அது சரியாத்தான் போச்சு. நான்தான் எங்கயோ நடுவுல கையை எடுத்துட்டேன் போல. இல்லேன்னா நேரா வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவள் போர்வையை அவர் நெஞ்சு வரை இழுத்துவிட்டாள்.

"சொல்லமாட்டீங்கல்ல? தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

"சொல்லமாட்டேங்க" என்றாள் மகள்.